நாணய மாற்றில் மறைந்து நிற்கும் வட்டம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசு மாற்றித் தருவோரைச் ‘சராப்பு’ என வழங்கினர் நம் முன்னோர். அது ‘ஸர்ராஃப்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. இஸ்லாமிய வணிகச் சட்ட நூல்கள் நாணய மாற்றைக் குறிக்க ஆளும் ‘ஸர்ஃப்’ என்பதும் அதே வேரிற் பிறந்ததே. மாற்றுபவர் தமக்கெனப் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு ‘வட்டம்’ என்று பெயர். காசுக்கடையின் முன் நின்றவர் வட்டம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்க முடிந்தது. கட்டுபடியாகாவிடின் அடுத்த கடையை நாட முடிந்தது. இணையவழியே அயல்நாட்டுப் பணம் பெறும் இற்றை வணிகரிடமும் வட்டம் பிடிக்கப்படுகிறது. ஆனால் கட்டணப் பட்டியலில் அதற்கெனத் தனி வரி இருப்பதில்லை. அது எங்கே ஒளிந்துள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருவணிகரைப் பற்றி நாம் ஈண்டுப் பேசவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஏற்றுமதியாளர்களுக்கு வங்கிகளோடு பேரம் பேசும் வலிமை உண்டு. பத்தமடைக் கோரைப் பாயை ஒன்றிரண்டாக அயல்நாட்டார்க்கு விற்கும் குடும்பம், வீட்டிலிருந்தே பூவேலைத் துணி அனுப்பும் பெண்மணி, கணிப்பொறிவழியே அயல்நாட்டு நிறுவனத்திற்கு மொழிபெயர்த்துத் தரும் நம் மாணவர் ஆகியோரே நம் கருத்தில் உள்ளவர்கள். இவர்கள் மின்வழிப் பணச் சேவைகளை நம்பியே தொழில் செய்கின்றனர்.

முதலில் ‘இடைவீதம்’ என்பதை அறிதல் வேண்டும். வங்கிகள் தமக்குள் டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளது இடைவீதம். நாளிதழிலும் இணையத்திலும் நாம் காணும் வீதம் பெரும்பாலும் இதுவே. பணச் சேவை நிறுவனமோ வணிகர்க்கு இவ்வீதத்தைத் தருவதில்லை. இதனினும் சில விழுக்காடு குறைத்துத் தான் வகுத்த வீதத்தைத் தருகிறது. அவ்விடைவெளியே மறைகட்டணம். பேபால் நிறுவனம் அமெரிக்கப் பயனர்க்கான கட்டண அறிவிப்பில் இவ்விடைவெளியை மாற்றத்தின் வகைக்கேற்ப 3 அல்லது 4 விழுக்காடு என்று குறிப்பிட்டுள்ளது. ஆகவே முற்றும் மறைத்தார்கள் என்று குற்றம் சாட்ட இயலாது. ஆயினும், ஒப்பந்தத்தின் உட்பக்கத்தில் அச்சிட்டிருப்பது வேறு. பணம் வந்த நாளில் ‘இவ்வளவு ரூபாய் இதற்காகக் கழிக்கப்பட்டது’ என்று வணிகர்க்குக் காட்டுவது வேறு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாய் ஒன்று 100 டாலருக்கு விற்கிறது. அன்றைய இடைவீதம் 85 ரூபாய். சேவைக் கட்டணம் 4.4 விழுக்காடும் 30 சென்ட்டும் எனக் கொள்வோம். கட்டணமாக 4.70 டாலர் கழிகிறது. இது பட்டியலில் தெளிவாகத் தெரியும். எஞ்சிய 95.30 டாலர் இடைவீதப்படி 8,100 ரூபாய் 50 காசு ஆக வேண்டும். நிறுவனம் 3 விழுக்காடு குறைத்து 82.45 ரூபாய் வீதத்தில் மாற்றுமாயின் கைக்கு வருவது 7,857 ரூபாய் 49 காசு. இடையில் மறைந்தது 243 ரூபாய். 4.4 விழுக்காடுதான் செலவு என்று எண்ணியிருந்த வணிகர், உண்மையில் மொத்த விலையில் ஏழரை விழுக்காட்டிற்கும் மேல் இழந்துள்ளார். பாய் முடைவோரின் இலாபமே அவ்வளவுதான் இருக்கும் எனில், அவர் யாருக்காக முடைந்தார் என்னும் வினா எழுகிறது. கணக்கேட்டிலும் இவ்விழப்பு செலவாகப் பதிவதில்லை. வரவு குறைந்ததாக மட்டுமே தோன்றும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்ணிலும் படாமற் போவது இதனாலேதான்.

பணம் இருமுறை மாறினால் நிலை இன்னும் மோசமாகும். யூரோவில் வந்தது டாலராகி, டாலர் ரூபாயானால், முறைக்கு 3 விழுக்காடாக ஏறத்தாழ 5.9 விழுக்காடு கரையும். சரக்கைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர் வாய்த்துவிட்டாலோ கேட்கவே வேண்டா. 82.45 ரூபாய்க்கு மாற்றிய டாலரைத் திருப்பித் தர, அதே 3 விழுக்காட்டைக் கூட்டி 87.55 ரூபாய்க்கு வாங்க நேரும். ஒரு பொருளும் விற்காமலே, வீதமும் இம்மியளவு அசையாமலே, 100 டாலருக்கு 510 ரூபாய் நட்டம்!

‘வீதம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது, அதனால் வந்த வேறுபாடு’ என்பது இந்நிறுவனங்களின் வழக்கமான விடை. இவ்விடையைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்றே நிலைநிறுத்தப்பட்டுள்ளது. அமீரகத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என நிற்கிறது. எனவே 3,750 ரியால் 1,000 டாலருக்குச் சமம். ஒரு சேவை அதற்கு 970 டாலரே தருமாயின், ஏற்ற இறக்கம் என்னும் திரைக்கு அங்கே இடமில்லை. 30 டாலரும் வட்டமே. வளைகுடாவோடு வணிகத் தொடர்புடைய நம் மக்கட்கு இவ்வுரைகல் மிகப் பயன்படும்.

மார்க்க நோக்கில் இது எத்தகையது என்று பெரியோர் வினவக்கூடும். வெவ்வேறு நாட்டு நாணயங்களை இருவரும் இசைந்த எந்த வீதத்திலும் உடனுக்குடன் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஸர்ஃப் பற்றிய பொதுவிதி. ஆகவே இடைவீதத்தினும் குறைத்துத் தருவதாலேயே அது விலக்கப்பட்டதாகிவிடாது. இடர்ப்பாடு ‘இசைந்த’ என்னும் சொல்லில் உள்ளது. சரக்கோடு வரும் வணிகக் குழுவினரை அவர்கள் அங்காடியை அடையுமுன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை அறியாதவர் குறைந்த விலைக்கு இசைந்துவிடுவார் என்பதே அத்தடையின் காரணமாக அறிஞர் கூறுவது. அங்காடிக்கு வந்து விலையறிந்த பின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் விற்றவர்க்கு வழங்கப்பட்டது. இற்றைச் சிறுவணிகரின் டாலரும் வழியிலேயே, அவர் சந்தை வீதத்தைப் பார்க்குமுன்பே, வாங்கப்பட்டுவிடுகிறது. முறித்துக்கொள்ளும் உரிமையோ அவர்க்கு இல்லை. இவ்வொப்புமை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை உலமாக்கள் ஆய்ந்துரைத்தல் தகும்.

ஐரோப்பிய ஒன்றியம் இத்துறையில் ஓரடி முன்வைத்தது. அட்டைவழிப் பணம் செலுத்துகையில் நாணயம் மாற்றப்படின், ஐரோப்பிய மத்திய வங்கியின் மேற்கோள் வீதத்தினும் எத்தனை விழுக்காடு மிகுதியாகப் பெறப்படுகிறது என்பதைக் காட்டியாக வேண்டும் என 2019ஆம் ஆண்டின் விதியொன்று வகுத்தது. இப்பகுதி 2020 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது அட்டை வைத்திருப்பவரைக் காக்கும் விதி. விற்பவரின் வரவில் நிகழும் மாற்றத்தை அது தொடவில்லை.

நம் வணிகர் செய்யத்தக்கது யாது? வங்கியில் வந்து சேர்ந்த ரூபாயை, கட்டணம் போக எஞ்சிய டாலரால் வகுக்க வேண்டும். கிடைப்பது தமக்கு உண்மையில் தரப்பட்ட வீதம். அதை அன்றைய மேற்கோள் வீதத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தியாவில் 2018 ஜூலை 10 முதல் இவ்வீதத்தை ரிசர்வ் வங்கிக்கு மாற்றாக எஃப்.பி.ஐ.எல். என்னும் நிறுவனம் கணித்து வெளியிட்டு வருகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கறிவு இதற்குப் போதும். மாற்றத்தின்மேல் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. சிறு தொகையாயினும் குறைந்தது 45 ரூபாய் விழும். ஆதலால் பல சிறு மாற்றங்களினும் ஒரு பெரிய மாற்றம் நன்று. ஆயினும் இந்திய விற்பனையாளர் எல்லாச் சேவைகளிலும் டாலரை டாலராகத் தேக்கி வைக்க முடியாது. பேபால் தானாகவே ரூபாயாக்கி வங்கிக்கு அனுப்பிவிடும்.

தொகை பெரிதாயின் வாடிக்கையாளரை வங்கிவழியே அனுப்பச் சொல்லலாம். ஏற்றுமதி செய்வோர்க்கு ‘இ.இ.எஃப்.சி.’ எனப்படும் அந்நியச் செலாவணிக் கணக்கு உண்டு. அதற்கு வட்டி இல்லை என்பது நம்மவர்க்குக் குறையன்று. வரையறுத்த காலத்திற்குள் ரூபாயாக்கியாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு மட்டும் உள்ளது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘எஃப்.எக்ஸ். ரீடெய்ல்’ என்னும் மின்தளத்தில் சிறு வாடிக்கையாளரும் தம் வங்கியின் வாயிலாகச் சந்தை வீதத்தில் டாலரை விற்கலாம். வங்கி தன் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒற்றைப் பாய் விற்பவர்க்கு இவ்வழி ஒவ்வாது. இடைநிலை வங்கிகள் பிடிக்கும் தொகையே பாயின் இலாபத்தை விழுங்கிவிடும். அவர் சேவை நிறுவனத்தையே நாடட்டும். ஆனால் விலை குறிக்கும்போது 4.4 விழுக்காட்டை அன்று, ஏழரை விழுக்காட்டைக் கூட்டிக் குறிக்கட்டும்.