ஸ்கூபா முக்குளிப்பில் மிதப்புக் கட்டுப்பாடு

மிதப்புக் கட்டுப்பாடு என்பது, நீருக்கடியில் மூழ்கிப் போகாமலும் மேலே எழும்பாமலும் வேண்டிய ஆழத்தில் நிலைத்து நிற்கும் திறன் ஆகும். அடிப்படைப் பயிற்சி முடித்து 18 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதி பெற்ற புதியவர்களிடம் பெரும்பாலும் குறைவாக இருப்பது இத்திறனே. காற்று விரைவில் தீர்வது, பவளப்பாறையில் மோதுவது, கட்டுப்பாடின்றி மேலெழுவது எனத் தனித்தனியாகத் தெரியும் சிக்கல்களுக்கு இதுவே பொதுக் காரணமாக இருப்பதுண்டு.

அழுத்தமும் காற்றும்

கடல் மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. பாயில் விதியின்படி அழுத்தம் இருமடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும். எனவே 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ இருமடங்காகிவிடும். ஆழம்தான் ஆபத்து என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் காற்று விரிவதைப் பொறுத்தவரை கடைசி 10 மீட்டரே கடுமையானது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கியே இறங்கினர். மேற்பரப்பில் இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே வரும். ஸ்கூபாவில் நிலைமை வேறு. ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. அதை நுரையீரல் நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலேறினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடலாம். குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையலாம். இதற்கு ஒன்றரை மீட்டர் ஏற்றமே போதும் என்பதால் நீச்சல் குளத்திலும் இந்த ஆபத்து உண்டு. மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முதல் விதியானது இதனால்தான்.

மிகை எடை

இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் புதியவர்கள் தேவைக்கு மேல் ஈய எடைகளைக் கட்டிக்கொள்கின்றனர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கிலோ மிகை எடையை ஈடுகட்ட, மிதப்பு அங்கியில் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 4 கிலோ மிகையாக இருந்தால் 10 மீட்டரில் 4 லிட்டர் காற்று. அவர் 5 மீட்டருக்கு ஏறினால் அது 5.3 லிட்டராகும், ஒரு கிலோவுக்கும் கூடுதலான தூக்குவிசை புதிதாகச் சேரும். அது அவரை இன்னும் மேலே தள்ள, காற்று இன்னும் விரியும். சரியான எடையுடன் இருப்பவரின் அங்கியில் இந்த அளவு காற்றே இருக்காது.

எடையைச் சோதிக்க, உருளையில் 50 பார் அளவு காற்று மட்டும் இருக்கும்போது, அங்கியை முழுதும் வெறுமையாக்கி, இயல்பான ஒரு மூச்சுடன் அசையாமல் மிதக்க வேண்டும். நீர் கண் மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல மூழ்கினால் எடை சரி. உருளை நிறைந்திருக்கும்போது சோதித்தால் தவறாகும். 12 லிட்டர் உருளை 200 பாரிலிருந்து 50 பாருக்கு வருவதற்குள் ஏறத்தாழ 2 கிலோ எடை குறைந்திருக்கும். உப்பு நீரில் மிதப்பு அதிகம் என்பதால் குளத்தில் கண்ட அளவு கடலுக்குப் போதாது.

மூச்சால் நிலைநிறுத்தல்

சிறு ஏற்ற இறக்கங்களுக்கு அங்கியின் பொத்தானை விட நுரையீரலே ஏற்றது. மூச்சை இழுத்ததும் உடல் உடனே எழாது. சில நொடிகள் ஆகும். பொறுமை இழந்து பொத்தானை அழுத்துபவர் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடுவார்.

மேலேறுதல்

காற்று 50 பாருக்குக் குறையும் முன்பே மேற்பரப்பை அடையும்படி, துணையுடன் சேர்ந்து ஏறத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகம் பாதுகாப்பானது. அங்கியில் காற்றை நிரப்பி ஏறக் கூடாது. துடுப்பால் மெல்ல உதைத்து, விரியும் காற்றை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். மிகை எடையுடன் வந்தவருக்கு இந்த 3 நிமிடமே மிகவும் கடினமாக இருக்கும். கட்டுப்பாடு தவறி எழும்பினால், மூச்சை விட்டுக்கொண்டே அங்கியின் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

உடையின் தடிமன், உருளையின் வகை, நீர் ஆகியவற்றில் எது மாறினாலும் எடைச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பயன்படுத்திய எடையை முக்குளிப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை ஊகிக்க வேண்டியிராது.