இஞ்சினுக்கு ஏற்ற ஆயில் எது? அதை எப்பொழுது மாற்றுவது?

ஏர் மாடு களைத்தால் படுத்துவிடும், தீனியைத் தொடாது. உழவன் அதன் முகத்தைப் பார்த்தே சங்கதியை அறிந்துகொள்வான். டிராக்டரும் டீசல் பம்பு செட்டும் அவ்விதம் எச்சரிப்பதில்லை. ஆயில் கெட்ட பிறகும் ஓடிக்கொண்டேயிருந்து, ஒரு நாள் திடீரென நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய வட்டாரத்தில், ஒரு பஞ்சாயத்தின் குடிநீர் டிராக்டர் நடுக்கோடையில் அப்படித்தான் நின்றது. கிராங்கு பேரிங்குகள் தேய்ந்து இறுகிவிட்டன. கடைசியாக ஆயில் மாற்றியது எப்பொழுது என்பது டிரைவருக்கும் தெரியவில்லை, பதிவேட்டிலும் இல்லை. பழுது தீரும் வரையில் தாய்மார்கள் காலிக் குடங்களுடன் காத்திருக்க நேர்ந்தது.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும் பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களில் உழவு அடியோடு மறைந்துவிடவில்லை. வயலில் டிராக்டரும் பவர் டில்லரும், பஞ்சாயத்தில் தண்ணீர் வண்டியும் ஓடுகின்றன. ஆகவே இவ்விஷயத்தை அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆயில் செய்யும் வேலை நான்கு வகைப்படும். உராயும் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. கரியையும் தூசியையும் தன்னுள் தாங்கிக்கொள்கிறது. டீசல் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. எண்ணெயில் சேர்க்கப்படும் மருந்துப் பொருள்கள் நாளடைவில் செலவாகிவிடுகின்றன. ஆயில் மாற்றவேண்டிய காரணம் இதுவேயாகும்.

டப்பாவின் மீது இரண்டு குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எஸ்.ஏ.இ. என்ற எழுத்துக்களுடன் வரும் 15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 40 போன்ற எண்கள். முன் எண் குளிர் காலத்தில் ஆயில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின் எண் 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் அதன் கனத்தையும் குறிக்கும். முன் எண்ணுக்கான சோதனைகள் உறைபனிக்கும் கீழான குளிரில் செய்யப்படுபவை. நம் பகுதியில் அத்தகைய குளிர் இல்லை. ஆதலால் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் எண்ணையே. தயாரிப்பாளர் 40 என்று கூறியிருந்தால் 40-ஐயே வாங்குக. கனம் மிகுந்தால் நல்லது என்று எண்ணுவது தவறு. கனமான ஆயில் குறுகிய துவாரங்களுக்குத் தாமதமாகவே சென்று சேரும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. தரம். 'எஸ்' எழுத்தில் தொடங்குபவை பெட்ரோல் இஞ்சினுக்கும், 'சி' எழுத்தில் தொடங்குபவை டீசல் இஞ்சினுக்கும் உரியவை. சி.எஃப்-4, சி.எச்-4, சி.ஐ-4 என்பவை வரிசையாக உயர்ந்த தரங்கள். மோட்டார் சைக்கிள் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று டிராக்டரில் ஊற்றலாகாது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் வந்துள்ளன. அவற்றில் புகைக்கரி வடிகட்டி பொருத்தியவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. கைப்புத்தகத்தில் கூறியதைத் தவிர வேறெதையும் உபயோகிக்கக்கூடாது.

இனி, எப்பொழுது மாற்றுவது? டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மணிக் கணக்கே கணக்கு. தண்ணீர் வண்டி தெருத்தெருவாக நின்று இஞ்சினை ஓடவிட்டபடியே விநியோகிக்கிறது. கடந்த தூரம் குறைவு, ஓடிய நேரம் அதிகம். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒரு முறை என்று தயாரிப்பாளர் குறித்துள்ளனர். புதிய இஞ்சினுக்கு முதல் மாற்றம் பெரும்பாலும் 50 மணியிலேயே செய்யப்படும். நாள்தோறும் 6 மணி நேரம் ஓடும் வண்டிக்கு 250 மணி என்பது ஏறக்குறைய 42 நாட்கள். 4 மணி நேரம் இறைக்கும் பம்பு செட்டுக்கு இரண்டு மாதம். குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நலம். செங்கல் சூளை, கிராவல் ஏற்றும் புழுதிப் பாதை, சேற்றுழவு ஆகியவற்றில் உழைக்கும் இஞ்சினுக்கு முன்கூட்டியே மாற்றுக. காற்று வடிகட்டியையும் அடிக்கடி சுத்தம் செய்க.

டீசலில் இருந்த கந்தகம் 2020 ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய அளவு 50. ஆகவே அமிலத்தின் தொல்லை குறைந்துள்ளது. ஆனால் கரியும் புழுதியும் குறையவில்லை. கைப்புத்தகத்தின் கெடுவைத் தாண்ட இது காரணமாகாது.

ஆயில் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். டீசல் இஞ்சினில் அது விரைவில் கறுப்பது இயல்பு. கரியைத் தாங்கிக்கொள்கிறது என்பதே பொருள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு தானாகவே உயர்ந்து டீசல் வாசனை வீசினால் டீசல் கசிந்திருக்கிறது. இவ்விரண்டிலும் இஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போல் வண்டி நீரில் மூழ்கினால், முதலில் சாவியைத் திருப்பாமல் ஆயிலைப் பாருங்கள்.

மாற்றும் முறை எளிது. இஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி நிறுத்துக. சமதளத்தில் வடிகால் திருகைக் கழற்றி முழுவதையும் வடித்துவிடுக. ஆயில் பில்டரையும் உடன் மாற்றுக. அளவுக் கம்பியின் இரு கோடுகளுக்கு இடையே நிற்கும்படி புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, மீண்டும் அளவு பார்க்க. மேல் கோட்டைத் தாண்ட ஊற்றுவதும் கேடே.

வடித்த ஆயிலைக் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ கொட்டுதல் பெருந்தவறு. செம்பரம்பாக்கம் ஏரி சென்னை நகரின் குடிநீர். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவாகும். மூடிய டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர்ப்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, மணிக்கணக்கு, ஊற்றிய ஆயிலின் தரம், அளவு ஆகிய நான்கையும் எழுதிவருக. டிரைவர் மாறினாலும் நோட்டு மாறாது. மாதக் கூட்டத்தில் அதை ஒரு முறை பார்வையிடுவது அங்கத்தினர் கடமை. ஒரு டப்பா ஆயிலின் விலையைத் தள்ளிப்போட்டு இஞ்சினையே இழப்பது சிக்கனம் ஆகாது.