உங்களுக்குத் தெரியுமா? ஊர்ச் சுவரில் ஒரு மருந்துச் சீட்டு

பண்டைக் கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் என்றாலே விருந்தும் கேளிக்கையும்தான் பலருக்கு நினைவு வரும். பாவம், மனிதர் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும்! நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டது ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி. ஆசைப்படும் நாளில் அதுவே விருந்தாம். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் அவர் தொடங்கிய ‘தோட்டம்’ பள்ளியில் பெண்களும் அடிமைகளும்கூடப் படித்தார்கள்.

400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இன்றைய துருக்கியிலுள்ள ஒயினோஆண்டாவில் டயோஜெனிஸ் என்ற முதியவர் எபிகூரஸின் தத்துவத்தை நீண்ட கற்சுவர் முழுக்க வெட்டிவைத்தார். சாவுக்கும் தெய்வத்துக்கும் பயந்து வாடுவோர் அதைப் படித்துத் தேறட்டும் என்பது அவர் எண்ணம். 1884-இல் கண்டறியப்பட்ட அந்தச் சுவரின் சுமார் 300 துண்டுகள் இதுவரை கிடைத்துள்ளன. மீதி இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம்.