அசல் எது? நகல் எது?



மார்கழித் திருவிழாவுக்கு எங்கள் சுசீந்திரத்துக்கு வந்திருக்கிறீர்களா? தேரோட்டத்தன்று மூன்று தேர்கள் ரத வீதியைச் சுற்றி வரும். அதில் ஒரு தேரின் சக்கரம் பழுதாகி, புதுச் சக்கரம் போட்டதாக வைத்துக்கொள்வோம். அது பழைய தேர்தானே? "ஆமாம்" என்பீர்கள். சரி, அச்சு, பீடம், மரச் சிற்பம் என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால்? இப்போது கொஞ்சம் யோசிக்கிறீர்கள், இல்லையா?

பழைய கார்களை ஏலம் விடும் இடத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. அங்கே பதில் தப்பாகிவிட்டால் கோடிக்கணக்கில் பணம் போய்விடும்!

பயில்வான் கார்கள்

1960களில் அமெரிக்காவில் ஒரு வகைக் கார்கள் வந்தன. நடுத்தர அளவு உடம்பு. உள்ளே மிகப் பெரிய எஞ்சின். 'மசில் கார்' என்று பெயர். நாம் 'பயில்வான் கார்' என்று சொல்லிக்கொள்ளலாம். 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காரின் எஞ்சின் சுமார் 6.4 லிட்டர். நம் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்குச் சுமார் ஒன்றரை லிட்டர்தான்!

அதே தோற்றத்தில் சாதாரண எஞ்சின் கொண்ட கார்களும் விற்றன. இன்று பயில்வானுக்குத்தான் விலை அதிகம். அதனால் சிலர் சாதாரணக் காரை வாங்கி, பெரிய எஞ்சினை மாட்டி, பெயர்ப் பட்டையை ஒட்டி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, பயில்வான் என்று விற்றுவிடுகிறார்கள்.

எண் பேசும்

பள்ளியில் உங்களுக்கு ஒரு சேர்க்கை எண் இருக்கிறது அல்லவா? காருக்கும் அதுபோல ஓர் எண் உண்டு. சேஸ் நம்பர் என்பார்கள். 'புல்லிட்' என்ற ஆங்கிலப் படத்தில் ஓடிய ஃபோர்டு மஸ்டாங் காரின் எண்ணைப் பாருங்கள்: 8-ஆர்-02-எஸ்-125559.

8 என்றால் 1968ஆம் ஆண்டு மாடல். ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்றால் பின்பக்கம் சரிந்த கூரை. எஸ் என்றால் 390 கன அங்குலப் பெரிய எஞ்சின். மீதி ஆறு இலக்கமும் வரிசை எண். ஒரே வரியில் காரின் ஜாதகமே இருக்கிறது!

ஆனால் எண் மட்டும் போதாது. 1964, 1965 ஆண்டுகளின் ஜி.டி.ஓ. கார்களில், அது ஜி.டி.ஓ. என்பதை அந்த எண் சொல்லாது. தொழிற்சாலையின் பழைய பதிவுகளைத்தான் தேட வேண்டும். வேறு காரின் எண் தகட்டை வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. அதனால் தகட்டைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா, ரிவிட் ஆணிகள் பழையவைதானா என்று பார்ப்பார்கள்.

தேதி காட்டிக்கொடுக்கும்

எஞ்சினை வார்க்கும்போதே அதில் வார்த்த தேதியைக் குறிப்பது வழக்கம். ஒரு கார் 1968 மார்ச்சில் தயாரானது. அதன் எஞ்சினில் 1968 ஜூன் என்று இருக்கிறது. அப்படியானால்? பிள்ளை பிறந்த பிறகு இதயம் வந்ததா! அது பிறகு மாற்றிய எஞ்சின்தான்.

காந்தமும் உதவும். ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் செய்து, பள்ளத்தில் பட்டி போட்டு நிரப்பி, மேலே பெயிண்ட் அடிப்பார்கள் அல்லவா? கனமாகப் பட்டி போட்ட இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

சென்னையில் பிறந்த கார்

நம் தமிழ்நாட்டிலும் ஒரு துப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை, 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தார்கள். முதலில் இரண்டு கதவுகள்தான். பிறகு இங்கே நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று தயாரிக்கப்படவே இல்லை! ஆகவே நான்கு கதவு ஹெரால்டில் 'டிரையம்ப்' என்று எழுதி, "கப்பலில் வந்தது" என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நான் ஏமாந்த கதை

ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில், சீமைச் சைக்கிள் என்று நம்பி ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. சைக்கிள் கடை அண்ணாச்சி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் வைத்து ராவிய தடம்! "சாரே, சைக்கிளைப் பாத்து வாங்கினீங்களா, பெயிண்டைப் பாத்து வாங்கினீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சைக்கிளில்தான் பல வருடம் பள்ளிக்குப் போனேன். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்ன சொல்தான் பொய்.

குழந்தைகளே, பழுது பார்ப்பது தப்பே இல்லை. "எஞ்சின் மாற்றியது, கதவு புதியது" என்று சொல்லி விற்றால் அது நேர்மை. மறைத்தால்தான் மோசடி.

2021இல் மத்திய அரசு, 50 ஆண்டுக்கு மேல் பழமையான கார்களுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது.

அந்த மஸ்டாங் என்ன ஆயிற்று தெரியுமா? 1974இல் ஒருவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். படத்தின் நாயகன் ஸ்டீவ் மெக்வீன் காரைத் திருப்பிக் கேட்டு 1977இல் கடிதம் எழுதினார். அவர் கொடுக்கவில்லை, கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். 2020 ஜனவரியில் கார் ஏலத்துக்கு வந்தபோது பெயிண்ட் மங்கியிருந்தது, துருவும் இருந்தது. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் எண்ணும் கடிதமும் உண்மையைச் சொல்லின. கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! அன்றைய மதிப்பில் 26 கோடி ரூபாய்க்கும் மேல்.

உங்களுக்கு ஒரு புதிர்

ஒருவர் பழைய கார் விற்க வருகிறார். "1950இல் சுசீந்திரத்தில் வாங்கியது" என்கிறார். 'தமிழ்நாடு அரசு' என்று அச்சிட்ட, 1950 தேதியிட்ட காகிதத்தையும் காட்டுகிறார். நம்பலாமா?

விடை: நம்பக்கூடாது. 1950இல் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்ததோ 1969இல்!

பார்த்தீர்களா? வரலாற்றுப் பாடம் படித்தவரை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்தான்!