முடியாத பணியும் வெளியீட்டு நாளும்

ஒரு பணி முடிந்துவிட்டது என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? பணியைச் செய்தவருக்கா, அதனைப் பயன்படுத்தப் போகிறவருக்கா, அல்லது நாட்காட்டியில் குறித்து வைத்த தேதிக்கா? அணை கட்டுவோரும் பாலம் அமைப்போரும் ராக்கெட்டு ஏவுவோரும் இவ்வினாவிற்கு விடை கூறியே ஆக வேண்டும். கணினியை இயக்கும் மென்பொருளை ஆக்குவோருக்கும் இவ்வினா உரியதே.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா அயலூர் அன்று. முன்பு நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்விடம், 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட்டு முதன்முறையாக ஏவப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம். புறப்பாட்டிற்குச் சிறிது நேரமே இருக்கையில், ஏவ வேண்டாம் என்று கணினி எச்சரித்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு காணப்பட்டது. கையிருப்பிலுள்ள எரிபொருள் போதும் என்று வல்லுநர்கள் கருதினர். எச்சரிக்கையைக் கடந்து ராக்கெட்டு ஏவப்பட்டது. முதற்கட்டம் செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து ராக்கெட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. இச்செய்தியைக் கலாம் அவர்களே பிற்காலத்தில் பன்முறை எடுத்துரைத்துள்ளார். மறு ஆண்டு, 1980 ஜூலை 18-ஆம் நாள், அதே வகை ராக்கெட்டு ரோகிணி செயற்கைக்கோளை வெற்றியுடன் விண்ணில் நிலைநிறுத்தியது.

எப்பெரும் பணியிலும் சில குறைகள் எஞ்சியே நிற்கும். எக்குறையுடன் புறப்படலாம், எக்குறைக்காக நின்றாக வேண்டும் என்று பிரித்தறிவதே கடினம். மென்பொருள் உலகில் இப்பிரித்தறிதல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும், அதில் நமது தாய்மொழிக்குள்ள பங்கு யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

கணினியின் திரை, விசைப்பலகை, நினைவகம் ஆகிய உறுப்புகளை ஒருங்கே ஆளும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். சில இயங்குதளங்களின் மூலநிரல் அவற்றை ஆக்கிய நிறுவனத்தாருக்கு மட்டுமே தெரியும். வேறு சிலவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இவை திறந்த மூல மென்பொருள்கள் எனப்படும். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் இவ்வகையைச் சேர்ந்தது. பல நாடுகளிலுமுள்ள தொண்டர்கள் அதனைப் பேணி வருகின்றனர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

டெபியனில் 60,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் அடங்கியுள்ளன. பெரும்பாலும் புதிய தொகுப்பு ஒன்று முதலில் ‘நிலையற்றது’ என்னும் பிரிவில் நுழைகின்றது. சில நாட்கள் கடந்தும் கடும்பிழை எதுவும் தென்படாவிடில் ‘சோதனை’ என்னும் பிரிவிற்கு ஏறுகின்றது. ஏறத்தாழ ஈராண்டிற்கு ஒருமுறை அச்சோதனைப் பிரிவு செப்பனிடப்பட்டு, ‘நிலையானது’ என்னும் பெயருடன் மக்களுக்கு வழங்கப்படுகின்றது.

வெளியீட்டு நாள் நெருங்குகையில் ‘உறைநிலை’ அறிவிக்கப்படும். அதன்பின் புதுமைகளுக்கு இடமில்லை. பிழை திருத்தங்களுக்கு மட்டுமே இடமுண்டு. திருமணத்திற்கு முன்னாள் இரவில் பந்தலின் கால்களை இறுகக் கட்டலாம். பந்தலை இடம் மாற்றலாகாது. எஞ்சிய பிழைகள் அவற்றின் கடுமைக்கேற்ப வகுக்கப்படுகின்றன. பயனரின் கோப்புகளை அழிப்பது, பாதுகாப்பைக் குலைப்பது, தொகுப்பையே பயனற்றதாக்குவது ஆகியவை வெளியீட்டைத் தடுக்கும் பிழைகள். ஏனையவை பட்டியலில் நிற்க, இயங்குதளம் வெளிவரலாம். அப்பட்டியலை உலகில் எவரும் காணலாம் என்பதே இம்முறையின் சிறப்பு. முடியாத பணி இங்கு மூடி மறைக்கப்படுவதில்லை.

அவசரத்தின் தீங்கினை டெபியன் தன் தொடக்கக் காலத்திலேயே கண்டது. 1995 டிசம்பரில் குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, முற்றுப்பெறாத ஒரு நிலையை எடுத்து, அதற்கு ‘டெபியன் 1.0’ என்று தவறாகப் பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அரைகுறையான அவ்வட்டுடன் உண்மையான வெளியீட்டை மக்கள் குழப்பிக்கொள்ளலாகாது என்று கருதி, 1996 ஜூனில் வந்த வெளியீட்டிற்கு 1.1 என்றே எண்ணிட்டனர். இதனால் 1.0 என்னும் வெளியீடு டெபியன் வரலாற்றிலேயே இல்லாமற்போயிற்று.

தாமதத்தின் சுமையையும் அவர்கள் அறிவர். 2002 ஜூலை வெளியீட்டிற்கு அடுத்தது 2005 ஜூன் 6-ஆம் நாளன்றுதான் வெளிவந்தது. புதிய நிறுவு மென்பொருளும், பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் ஏற்பாடும் ஆயத்தமாவதற்கு நெடுநாள் பிடித்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருந்து வெளியிட்ட அவ்வட்டுகளிலும், பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் முகவரி தொடர்பான ஒரு பிழை புகுந்திருந்தமையால், உடனடியாகத் திருத்திய அட்டுகளை வழங்க நேர்ந்தது. காத்திருத்தல் நன்று; ஆயினும் காத்திருத்தல் மட்டுமே குறையை நீக்கிவிடுவதில்லை. குறையைக் கண்டு சொல்வோரும் வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றுவது எளிய செயல் போலத் தெரியும். ‘தெலுங்கு’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். கணினி தன் நினைவகத்தில் முதலில் ‘த’ என்பதையும், அடுத்து எகரக் குறியையும் வைத்துக்கொள்கின்றது. திரையிலோ கொம்பு முன்னும் தகரம் பின்னுமாக அமைய வேண்டும். ‘கொடி’ என்னும் சொல்லில் ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். தெலுங்கிலோ மெய்யெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இவ்விதிகளையறிந்து எழுத்துகளை அமைக்கும் மென்பொருளில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் கொம்பு இடம் மாறும். துணைக்கால் தனித்து நிற்கும்.

எழுத்துப் பிழை எத்துணைப் பெரிய கேட்டினை விளைக்கும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் ஒரு சான்று கிடைத்தது. ‘ஜ்ஞா’ என்னும் தெலுங்கு எழுத்துக் கூட்டின் ஒரு வடிவத்தைச் செய்தியாகப் பெற்ற ஐபோன்களில் செயலிகள் நிலைகுலைந்தன. ஆப்பிள் நிறுவனம் அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. ஞானத்தைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லின் முதலெழுத்து அது! தெலுங்கில் நாள்தோறும் எழுதும் ஒருவரது கையில் வெளியீட்டிற்கு முன் அம்மென்பொருள் நன்கு சோதிக்கப்பட்டிருப்பின், அப்பிழை முன்னரே வெளிப்பட்டிருக்கக்கூடும்.

எழுத்தமைப்பு ஒருபுறமிருக்க, மொழிபெயர்ப்பு மற்றொரு பணி. லினக்ஸ் கணினிகளில் பலர் காணும் க்னோம் என்னும் திரைச்சூழல் ஆண்டிற்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பிக்கப்படுகின்றது. வெளியீட்டிற்குச் சில வாரங்களுக்கு முன்பே, திரையில் தோன்றும் ஆங்கிலத் தொடர்களை மாற்றலாகாது என்று தடை விதிக்கின்றனர். மூலம் நாள்தோறும் மாறினால் மொழிபெயர்ப்பு ஒருபோதும் முடியாது. இவ்வுண்மையை அரசாங்க ஆணைகளை மொழிபெயர்ப்போர் அனைவரும் நன்கறிவர். அத்தடைக்கும் வெளியீட்டிற்கும் இடையிலுள்ள குறுகிய காலமே மொழிபெயர்ப்பாளருக்குரியது. 80 விழுக்காடேனும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தால்தான் ஒரு மொழி ஆதரவு பெற்ற மொழியாகக் கணக்கிடப்படும் என்பது க்னோம் வகுத்துக்கொண்ட அளவுகோல். எட்டாத மொழிக்காக வெளியீடு நிற்பதில்லை. விடுபட்ட இடங்களில் ஆங்கிலமே தோன்றும்.

மொழிப் பணிக்காகவும் ஒரு வெளியீடு காத்திருந்ததுண்டு. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு இயங்குதளம் 2006 ஏப்ரலில் வெளிவர வேண்டியிருந்தது. சோதனைக்கும் மெருகூட்டலுக்கும், பல மொழிகளுக்கேற்பச் செப்பனிடுவதற்கும் காலம் வேண்டுமென்று ஆறு வாரங்கள் தள்ளிவைத்து, ஜூன் 1-ஆம் நாள் வெளியிட்டனர். மொழிக் குறையும் பொறியியற் குறையே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டமைக்கு அது சான்றாகும்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு இஃது ஏன் முக்கியம்? சித்தூரிலோ திருப்பதியிலோ, பெங்களூரிலோ மும்பையிலோ வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர், பள்ளியில் வேறு மொழி பயின்று, வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கடைப் பலகையிலும் பேருந்திலும் அவர்கள் தமிழைக் காண்பது அரிது. அவர்கள் கண்ணிற்படும் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி திரையில் தோன்றுவதே. அங்கே கொம்பு இடம் மாறி நின்றால், அதுவே சரியான வடிவம் என்று குழந்தை எண்ணிவிடும். அல்லது தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி என்று முடிவு செய்துவிடும். இரண்டாவது எண்ணம் முதலாவதைவிடக் கொடியது.

ஆதலின், பிழையைக் கண்டால் முகம் சுளித்து ஆங்கிலத்திற்கு மாறிவிடுவதோடு நில்லாமல், அதனைத் தெரிவிக்க வேண்டும். இதற்கு நிரல் எழுதும் பயிற்சி தேவையில்லை. எந்த மென்பொருள், அதன் பதிப்பெண் யாது, எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தபோது பிழை நேர்ந்தது, என்ன தோன்றியிருக்க வேண்டும், என்ன தோன்றியது ஆகியவற்றை வரிசைப்படுத்தித் திரையின் படத்துடன் எழுதினால் போதும். டெபியனுக்கு ஒரு மின்னஞ்சலே பிழை மனுவாக ஏற்கப்படுகின்றது. செய்தி எழுதுகையில் எளிய ஆங்கிலம் போதுமானது. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ உதவி செய்யலாம். தமிழ்ச் சொல்லின் சரியான வடிவத்தைப் பெற்றோர் கூறலாம்.

காலமறிந்து செய்வது இதில் மிகவும் இன்றியமையாதது. வெளியீட்டிற்குப் பின் வரும் முறையீடு பெரும்பாலும் அடுத்த பதிப்பிற்கே பயன்படும். உறைநிலைக்கு முன் வரும் முறையீடே நடப்புப் பதிப்பைத் திருத்த வல்லது. வெளியீட்டை நிறுத்துவதா, விடுவதா என்று தீர்மானிப்போர் பட்டியலிலுள்ள குறைகளையே காண்கின்றனர். தமிழின் குறை அப்பட்டியலில் உரிய காலத்தில் இடம்பெறுமாறு செய்வது தமிழ் படிக்கத் தெரிந்த நமது கடமையாகும்.