கோய்டர் வரைந்த கோடு



மக்கள் நிலையாகக் குடிவாழும் கண்டங்களுள் மிகவும் வறண்டது அவுஸ்திரேலியா. அக்கண்டத்திலும் வறட்சி மிக்க மாநிலம் தென் அவுஸ்திரேலியா. சென்ற பாடசாலை விடுமுறையொன்றில், அடிலெயிட் நகரில் வாழும் என் தமக்கையின் மகனோடு அம்மாநிலத்தின் வடபகுதிப் பாலையிலிருந்து கடற்கரைக்கும், அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கும் பயணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் ஊர்தி கரவன் எனப்படும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றைக் கொண்ட சிறு அறையொன்றை மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர்.

இவ்வாறு பயணஞ் செய்வோன் முதலிற் கற்பது நீரின் அருமை. எம் தொட்டியின் நீரைக் குவளைக் கணக்கில் அளந்தே செலவிட்டோம். அந்நிலத்தின் வரலாறு முழுவதும் இந்த நீர்க் கணக்கில் அடங்கியுள்ளது என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

பயணம் மரீ என்னும் சிற்றூரில் தொடங்கிற்று. 1884ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை இவ்வூரை அடைந்தது. அதற்கப்பாற் சரக்குகளைச் சுமந்தவை ஒட்டகங்களே. அவற்றை நடத்தியோர் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் நட்ட பேரீச்ச மரங்களும், அவர்களது பள்ளிவாசலின் மாதிரியும் அவ்வூரில் அவர்களை நினைவூட்டுகின்றன. மரீக்கு வடமேற்கே, அரபானா மக்களின் பூர்வீக நிலத்தில், கட்டி தண்டா எனப்படும் எயர் ஏரி கிடக்கின்றது. அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீற்றர் கீழே உள்ளது. 1974இற் போல அது நிறைந்து ததும்புதல் மிக அரிது. ஏனைய காலங்களில் வெண்மையான உப்புப் படலமே கண்ணுக்குத் தெரிவது.

மரீயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திற் பரீனா உள்ளது. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு மா என்று பொருள். கோதுமை விளைந்து மா குவியும் என்ற நம்பிக்கையில் 1878இல் இப்பெயரைச் சூட்டினர். நான் கண்டவை கூரையற்ற கற்சுவர்களும், தனித்து நிற்கும் புகைபோக்கிகளுமே. இவ்வூர் ஏன் பாழாயிற்று? விடை காண நாம் 1865ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும்.

அக்காலத்தில் அம்மாநிலத்தின் தலைமை நில அளவையாளராக இருந்தவர் ஜோர்ஜ் கோய்டர். கொடிய வறட்சியால் ஆட்டு மந்தைகள் மடிந்தபோது, வறட்சி தாக்கும் நிலம் எது, நம்பத்தக்க மழை பெறும் நிலம் எது என வரையறுக்குமாறு அரசு அவரைப் பணித்தது. மழைப் பதிவேடுகள் அரிதாயிருந்த காலம் அது. கோய்டர் குதிரையேறி நெடுந்தூரம் சென்று செடி கொடிகளை நோக்கினார். வடக்கே உப்புச்செடிப் புதர்கள். தெற்கே மலீ எனப்படும் குறுமரங்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையைத் தேசப்படத்திற் கோடாக வரைந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிமீற்றர் மழை பெய்யும் எல்லை அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

செடிகள் இதனை எங்ஙனம் அறிவித்தன? உழவன் கண்ட மழை அவன் வாழ்நாட்குரியது. ஆனால் ஒரு நிலத்தின் இயற்கைத் தாவரமோ பல தலைமுறைகளின் மழையையும் வறட்சியையும் தாங்கி எஞ்சியது. கோய்டர் அதனை வாசிக்கத் தெரிந்தவர்.

1872ஆம் ஆண்டின் சட்டம் கோட்டுக்குத் தெற்கே மட்டும் உழவருக்குக் கடனடிப்படையில் நிலம் வழங்கிற்று. ஆனால் அடுத்தடுத்து நல்ல மழை பெய்யவே, உழவர் கோட்டை எள்ளினர். கலப்பை செல்லும் இடத்துக்கு மழையும் தொடர்ந்து வரும் என்று சொல்லிக்கொண்டனர். 1874இற் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மக்கள் வடக்கே பெருகிச் சென்றனர். 1880களில் வறட்சி மீண்டது. பயிர் கருகிற்று, கடன் மிஞ்சிற்று. ஹோக்கர், குவோர்ன் ஆகிய ஊர்களை அண்டிய வெளிகளில் இடிந்த கல்வீடுகளை இன்றும் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. அவர்கள் சோம்பரல்லர், மூடருமல்லர். சில நல்லாண்டுகளை என்றைக்குமான வழக்கமென நம்பியோர்.

பிளிண்டேர்ஸ் மலைத்தொடரைக் கடந்து போட் அகஸ்ராவில் கடலைக் கண்டோம். நீலக்கடல் அருகிருந்தும் அந்நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 250 மில்லிமீற்றரே. நம் நாட்டின் மிக வறண்ட மன்னார்ப் பகுதியும் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் பெறுவதை ஒப்புநோக்குக. கடல் அருகிருத்தல் மட்டும் போதாது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்தாலன்றி மழை இல்லை. சற்றுத் தெற்கே போட் ஜேர்மைன் என்னுமிடத்தில், 1881இற் கட்டப்பட்ட மர இறங்குதுறை ஆழமற்ற கடலினுள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீள்கின்றது. கோதுமை மூட்டைகள் அதன் வழியே பாய்க்கப்பல்களில் ஏறின.

அங்கிருந்து தென்கிழக்கே திரும்பிக் கிளேர் பள்ளத்தாக்கை அடைந்தோம். குளிர்காலத்து மேல்காற்று இக்குன்றுகளில் ஏறி ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீற்றர் மழை தருகின்றது. ஒஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபையினர், 1851இல், பூசைக்கு வேண்டிய திராட்சை இரசத்துக்காகச் செவன்ஹில் என்னுமிடத்தில் அமைத்த தோட்டம் இன்றும் பயன் தருகின்றது. நாம் சென்ற யூலை மாதத்தில் இலையுதிர்ந்த கொடிகளை ஆட்கள் கத்தரித்துக்கொண்டிருந்தனர்.

ஆயினும் அக்கோடு அசையாததன்று. வெப்பம் மிகுந்து மழை குறைந்தால் அது தெற்கே நகரக்கூடுமென ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். ஆகவே, கோய்டரின் கோட்டை மனனஞ் செய்தலினும், அவர் நிலத்தை நோக்கிய முறையைக் கற்றலே தகும்.

இன்னுமொன்று. பரீனாவில் நிலத்தடியில் அமைந்த பழைய வெதுப்பகமொன்றைத் தொண்டர்கள் சீர்செய்து, குளிர்காலத்திற் சில வாரங்கள் பாண் சுடுகின்றனர். நாங்களும் ஒன்று வாங்கி, இடிந்த சுவரொன்றின் நிழலில் உண்டோம். நல்ல பாண்தான். அதற்குரிய கோதுமை மட்டும் கோட்டுக்குத் தெற்கேயிருந்து வரவேண்டியதாயிற்று.