காய்ச்சலே இல்லை... ஆனாலும் தொற்று! முதியோருக்கு 'உடல் தளர்ச்சி' ஏன் ஆபத்து?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க முதியவர்கள் பலர் வருகிறார்கள். 70 வயதில் 14 கி.மீ. கிரிவலம் நடப்பவரும் உண்டு. அதே வயதில் படியேற கைத்தாங்கல் தேடுபவரும் உண்டு. மழைக்காலத்தில் இருவருக்கும் ஒரே ஃப்ளூ காய்ச்சல் தொற்றினால், முதலாமவர் ஒரு வாரத்தில் தேறிவிடலாம். இரண்டாமவர் ஐசியூ வரை போக நேரலாம். ஏன் இந்த வித்தியாசம்?

உடல் தளர்ச்சி என்றால் என்ன?

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழுவினர் 2001-ல் 5 அறிகுறிகளை வகுத்தனர்.

• முயற்சி செய்யாமலேயே ஓராண்டில் சுமார் 4.5 கிலோ எடை குறைவது
• கைப்பிடி பலம் குறைவது
• எப்போதும் அசதி
• நடை வேகம் குறைவது
• நடமாட்டம் சுருங்குவது

இதில் 3 இருந்தால் உடல் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு முந்தைய கட்டம்.

தொற்று ஏன் தீவிரமாகிறது?

நோயோடு போராடும்போது உடல் தசையில் இருந்து புரதத்தை எடுத்துக்கொள்ளும். தசை கரைந்தவர்களிடம் அந்தக் கையிருப்பு இல்லை. இருமவும் பலம் இருக்காது. சளி நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகலாம். படுத்த படுக்கையானால் தசை மேலும் கரையும். அடுத்த தொற்று இன்னும் எளிதாகப் பிடிக்கும்.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்குமா?

இருக்கும். பல வீடுகளில் ஏமாந்துபோவது இங்கேதான். திடீரென சம்பந்தமில்லாமல் பேசுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, தடுமாறி விழுவது, எந்நேரமும் தூங்கி வழிவது ஆகியவை நிமோனியா அல்லது சிறுநீர்த் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடக் கூடாது. ஓரிரு நாளில் வந்த மாற்றத்துக்கு வயது காரணம் ஆகாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• தினமும் முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என ஏதாவது ஒரு புரத உணவு. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்டு அளவு முடிவு செய்யலாம்.
• தினசரி நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி.
• ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் ஆலோசனை.
• வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருந்தால் தாத்தா பாட்டி பக்கத்தில் போகும்போது மாஸ்க்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரப்படுகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால், உடல் தளர்ச்சியை ஓரளவு சரிசெய்ய முடியும்.